ஆத்துக்குப் போணும்

சனிக்கிழமை மதியம் பள்ளிக்கூடம் விட்டதும் அந்த டீச்சர் உறையூரில் இருக்கும் தன் வீட்டுக்குப் போவதில்லை. நேராக சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்கிறார். கையில் ஒரு துணிப்பை. அதில் துவைத்து மடித்த இரண்டு நைட்டி, ஒரு பாக்கெட் டயப்பர், ஒரு சின்ன பாட்டிலில் நார்த்தங்காய், ஒரு முழம் கதம்பம். மூன்று வருடங்களுக்கு மேலாக இந்தப் பையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. 2022 கடைசியில் காவிரிப் பாலத்தைப் பழுது பார்க்க மூடிவிட்டார்கள். அந்த மாதங்களில் பஸ் சுற்றிக்கொண்டு போனது. அப்போதும் சனிக்கிழமை தவறவில்லை.

கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தெருவில் அந்த முதியோர் இல்லம் இருக்கிறது. தரைத்தளத்தில் ஜன்னல் ஓரக் கட்டிலில் அவருடைய அம்மா உட்கார்ந்திருப்பார். வயது 81. மகளைப் பார்த்ததும் முகம் மலரும். பிறகு மரியாதையாகக் கேட்பார்.

"வாங்கோ. யார் வேணும் உங்களுக்கு?"

சில வாரங்களில் மகளைத் தன் தங்கை என்று நினைத்துக்கொண்டு, "ஏண்டி இவ்ளோ நாழி?" என்று கோபித்துக்கொள்வார். தங்கை இறந்து பதினைந்து வருடம் ஆகிறது. மகளுக்கு இந்த இரண்டாவது வரவேற்புதான் பிடிக்கும். அதிலாவது 'டி' இருக்கிறது அல்லவா!

கோலத்தில் தெரிந்த நோய்

எல்லாம் 2019 மார்கழியில் ஆரம்பித்தது. அப்போது அம்மா உத்திர வீதியில் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, 2012-இல் இறந்துபோனார். அம்மாவின் கோலத்துக்கு அந்தத் தெருவில் ஒரு பெயர் உண்டு. புள்ளி வைத்து, கை எடுக்காமல் சிக்குக் கோலம் போடுவார். அந்த மார்கழியில் புள்ளிகள் சரியாக இருந்தன, ஆனால் இழைகள் சேரவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு, "கண்ணு சரியா தெரியலை" என்றார். மகளும் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார்.

அப்புறம் பால்காரருக்கு ஒரே மாதத்தில் இரண்டு தடவை பணம் கொடுத்தார். குக்கரில் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்தார். ஐம்பது வருடமாக நடந்த சித்திரை வீதியில் நின்றுகொண்டு, வீடு எந்தப் பக்கம் என்று பூக்காரியிடம் கேட்டார். பிறகு கொரோனா வந்தது. ஊரே வீட்டுக்குள் இருந்த 2020-இல் அம்மாவிடம் ஏற்பட்ட மாற்றத்தை யாரும் கவனிக்கவில்லை. போனில் பேசினால் "நன்னா இருக்கேன், நீ எப்படி இருக்கே?" என்று அழகாகப் பதில் சொல்வார். இந்த நோயில் பேச்சின் மரியாதை கடைசி வரை நின்று நம்மை ஏமாற்றும்.

'வயசானா மறதி சகஜம்தானே' என்று நம் வீடுகளில் எல்லோரும் சொல்கிறோம். சாவியை எங்கே வைத்தோம் என்பதை மறப்பது சகஜம். சாவி எதற்கு என்பதையே மறப்பது சகஜம் இல்லை. இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் அந்தக் குடும்பம் இரண்டு வருடம் முன்னாலேயே டாக்டரிடம் போயிருக்கும்.

நோயைப் பற்றிக் கொஞ்சம்

டிமென்ஷியா என்பது ஒரே ஒரு நோயின் பெயர் இல்லை. நினைவு, சிந்தனை, மொழி, திசை அறிவு எல்லாம் படிப்படியாகக் குறைந்து, அன்றாட வேலையைக்கூடச் செய்ய முடியாமல் போகும் நிலைக்குத்தான் அந்தப் பெயர். இதற்குக் காரணமான நோய்களில் முதலிடம் அல்சைமர் நோய்க்கு. மூளையில் ரத்த ஓட்டம் தடைபடுவதாலும் வரலாம். அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1901-இல் பிராங்பர்ட் மருத்துவமனையில் ஒரு பெண்மணியைச் சந்தித்தார். அவருக்கு வயது 51-தான். தன் பெயரைக்கூட முழுதாக எழுத முடியாமல் தடுமாறினார். 1906-இல் அவர் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்து, அதில் கண்ட மாற்றங்களை அதே ஆண்டு மருத்துவர்கள் கூட்டத்தில் அல்சைமர் விவரித்தார். அன்றைக்கு அந்தப் பேச்சு பெரிதாக எடுபடவில்லையாம்!

இந்தியாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நிலை இருக்கலாம் என்று அது கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நகரத்தைவிட கிராமத்தில் அதிகம். ஆக, இது பட்டணத்துப் பணக்காரர் நோய் என்று ஒதுக்க முடியாது.

அந்த அம்மாவுக்கு டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனைதான் எழுதிக் கொடுத்தார். வைட்டமின் பி12 குறைந்தாலும், தைராய்டு கெட்டாலும், மன அழுத்தம் இருந்தாலும் இதே போல மறதி வரும். அவற்றைச் சரி செய்ய முடியும். அதனால்தான் சீக்கிரம் போக வேண்டும் என்கிறார்கள். இவருக்கு அதெல்லாம் சரியாக இருந்தது. தலையை ஸ்கேன் எடுத்தார்கள், சில கேள்விகள் கேட்டார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள். அம்மா வட்டம் போட்டார். எண்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் குவிந்தன. மகளுக்கு அந்த மார்கழிக் கோலம் ஞாபகம் வந்தது.

மாத்திரை உண்டு, ஆனால் குணப்படுத்தாது, சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும் என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்.

இல்லமா, வீடா?

அண்ணன் அமெரிக்காவில். தங்கை உறையூரில். இரண்டு படுக்கையறை வீடு, அதில் மாமியார், கணவர், பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன். அம்மாவை அழைத்து வந்து எட்டு மாதம் வைத்திருந்தார். இரவு இரண்டு மணிக்கு அம்மா எழுந்து கதவைத் தட்டுவார். பகலில் பார்த்துக்கொள்ள வைத்த பெண்மணிகள் மூன்று பேர் மாறினார்கள். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் சொன்னது. டீச்சருக்கு வகுப்பிலேயே தூக்கம் வந்தது. ஒரு நாள் அம்மா காஸைத் திறந்துவிட்டு, பற்றவைக்க மறந்துவிட்டார். பையன்தான் வாசனை பிடித்து ஓடி வந்து மூடினான். அன்று இரவு மகள் அண்ணனுக்குப் போன் செய்தார்.

"ஹோம்லயா சேர்க்கப் போறே? ஊர் என்ன சொல்லும்?" என்றார் அண்ணன்.

"ஊர் வந்து ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சிண்டிருந்தா சேர்க்க வேண்டாம்" என்றார் தங்கை.

ஸ்ரீரங்கத்தில் வயதானவர்கள் வந்து தங்குவது புதிதல்ல. ரங்கநாதர் காலடியில் கடைசிக் காலம் கழியட்டும் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அவர்களுக்காகவே விடுதிகளும் அடுக்குமாடி வீடுகளும் உண்டு. ஆனால் பல இடங்களில் தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடிகிறவர்களைத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். மறதி நோய் என்றதும் தயங்குகிறார்கள். முதலில் சேர்த்த இல்லத்தில் மகளும் 'லேசான மறதி' என்றுதான் சொன்னார். அது பொய். இரண்டாவது மாதம் ஒரு விடியற்காலையில் அம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். காவிரியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த காலம். அம்மா மண்டபத்துப் படிகளில் உட்கார்ந்திருந்தவரை, குளிக்க வந்த யாரோ அடையாளம் கண்டு கூட்டி வந்தார்கள். ஒரு வாரத்தில் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

யார் மேல் தப்பு? இரவில் கதவைப் பூட்டாத இல்லத்தின் மேலும் தப்பு உண்டு. உண்மையைச் சொல்லாத மகளின் மேலும் உண்டு. இரண்டாவது இல்லத்தில் அவர் எதையும் மறைக்கவில்லை. அவரே பட்டியல் போட்டுக் கேள்வி கேட்டார். இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? வாசலில் எப்போதும் ஆள் உண்டா? கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? சாப்பிட மறுத்தால் என்ன செய்வீர்கள்? கட்டிப் போடுவீர்களா? சொல்லாமல் வந்து பார்க்கலாமா? அம்மாவின் கையில் பெயரும் போன் நம்பரும் பொறித்த ஒரு வளையலும் போட்டுவிட்டார்.

தினம் ஒரு மரணச் செய்தி

மாலை நான்கு மணி ஆனால் அம்மாவுக்குப் பரபரப்பு வந்துவிடும். புடவையைச் சரி செய்துகொள்வார். தலையணை உறைக்குள் சீப்பு, டம்ளர், கைக்குட்டை எல்லாவற்றையும் அடைத்து மூட்டை கட்டுவார். "ஆத்துக்குப் போணும். அவர் வர நாழியாயிடுத்து. காபி போடணும்."

பொன்மலையிலிருந்து கணவர் டிபன் கேரியரோடு திரும்பும் நேரம் அது. முப்பது வருடம் அந்த நேரத்தில் அடுப்பு மூட்டிய உடம்பு, அதை மட்டும் மறக்கவில்லை. மறதி நோய் உள்ளவர்களுக்குப் பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடுவதை மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

ஆரம்பத்தில் மகள் உண்மையைச் சொன்னார். "அம்மா, அப்பா போய் பத்து வருஷமாச்சும்மா." அம்மா அதை அப்போதுதான் முதல் முறை கேட்கிறார். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். "என்கிட்ட ஏண்டி யாருமே சொல்லலை?" என்றார். அரை மணி நேரத்தில் செய்தி மறந்துபோனது. அழுகை மட்டும் மிச்சம் இருந்தது. ஏன் அழுகிறோம் என்றே தெரியாமல் அழுதுகொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமையும் அதே கேள்வி, அதே பதில், அதே அழுகை. பொய் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஒருவரால் இதை எப்படி மாற்றிக்கொள்ள முடியும்?

மாற்றிக் காட்டியவர் அங்கே வேலை செய்யும் ஆயாதான். லால்குடிப் பக்கத்துக்காரர். பெரிய படிப்பு எதுவும் இல்லை. ஒரு நாள் அம்மா மூட்டையோடு வாசலுக்கு வந்தபோது அவர் தடுக்கவில்லை. கூடவே நடந்தார். "உங்க வீட்டுக்காரருக்கு காபி எப்படிம்மா இருக்கணும்?" என்று கேட்டார். அம்மா நின்றுவிட்டார். டிகாஷன் எத்தனை, சர்க்கரை எவ்வளவு, பித்தளை டபராவில்தான் கொடுக்க வேண்டும் என்று விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். பேசிக்கொண்டே இருவரும் வராந்தாவை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி கட்டிலுக்கு வந்துவிட்டார்கள். அங்கே அம்மாவுக்கு நிஜமாகவே ஒரு டம்ளர் காபி காத்திருந்தது.

ஆயா பொய் சொல்லவில்லை. அப்பா உயிரோடு இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. கேள்விக்குப் பின்னால் இருந்த தவிப்புக்கு மட்டும் பதில் சொன்னார். 'ஆத்துக்குப் போணும்' என்பதற்கு அந்த உத்திர வீதி வீடு மட்டும் அர்த்தம் இல்லை, பயமாக இருக்கிறது, பழகிய இடம் வேண்டும் என்பதும் அர்த்தம் என்று மகளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அன்றிலிருந்து அவரும் காபியைப் பற்றித்தான் பேசுகிறார்.

மிச்சம் இருப்பவை

இந்த நோய் பெரும்பாலும் புது நினைவுகளைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறது. காலையில் சாப்பிட்ட இட்லி போய்விடும். கல்யாணத்துக்கு வந்த நாதஸ்வரக்காரர் இருப்பார். பாட்டும், கைப்பழக்கமும் இன்னும் அதிக காலம் நிற்கின்றன. மார்கழி மாதம் யாராவது திருப்பாவையின் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தால் போதும், மகளின் பெயர் தெரியாத அந்த அம்மா முப்பது பாசுரத்தையும் வரிசையாகச் சொல்கிறார். பூவையும் நாரையும் கையில் கொடுத்தால் தொடுக்கிறார். அதனால்தான் பையில் வெறும் உதிரிப் பூவும் கொஞ்சம் நாரும் இப்போது சேர்ந்திருக்கின்றன. கட்டிய கதம்பம் தலைக்கு, உதிரிப் பூ கைக்கு.

பணமும் சட்டமும்

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் குடும்பங்கள் திண்டாடுவது இங்கேதான். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அதற்கு வருடா வருடம் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். விரல் ரேகை தேய்ந்துபோய் இயந்திரம் ஏற்கவில்லை. முகத்தைப் படம் பிடித்தே சான்று கொடுக்கும் வசதி 2021-இல் வந்தது. ஆனால் அம்மா கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்ட வேண்டுமே! அதற்கு ஒரு மதியம் முழுக்க ஆனது.

அதைவிடப் பெரிய சிக்கல் வங்கிக் கணக்கு. அம்மா மட்டுமே கையெழுத்துப் போட முடிகிற வைப்பு நிதி ஒன்று இருந்தது. பவர் பத்திரம் எழுதிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவரின் சித்த சுவாதீனம் போய்விட்டால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும் என்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. எப்போது தேவையோ அப்போது செல்லாத பத்திரம் அது. அதற்குப் பிறகு நீதிமன்றம்தான் வழி. கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை நிர்வகிக்க மனைவியைப் பாதுகாவலராக 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்தது. எத்தனை பேரால் உயர் நீதிமன்றம் வரை போக முடியும்? நோய் ஆரம்பிக்கும்போதே, அம்மாவுக்குப் புரியும்போதே, கூட்டுக் கணக்கு, நாமினி, உயில் இவற்றை அவரிடமே கேட்டு முடித்துவிடுவது நல்லது.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறைத் தண்டனை என்கிறது. மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது, 150 ஏழை முதியவர்கள் தங்கும்படி அரசு அமைக்கலாம் என்கிறது. ஆனால் கைவிடாமல், மாதாமாதம் சம்பளத்தில் பாதியைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொள்கிற பிள்ளைகளுக்குச் சட்டத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆலோசனை வேண்டுவோர் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். சென்னையில் ஸ்கார்ப் அமைப்பு மறதி நோய் உள்ளவர்களுக்கும் குடும்பங்களுக்கும் உதவுகிறது.

அண்ணன் வந்தார்

2023 டிசம்பரில் அண்ணன் வந்தார். இல்லத்தின் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அம்மாவை நான் கூட்டிண்டு போயிடறேன்" என்றார். உள்ளே போனார். அம்மா எழுந்து நின்று கைகூப்பி, "உட்காருங்கோ சார்" என்றார். அண்ணன் பத்து நிமிடம்கூட உட்காரவில்லை. வெளியே வந்து கார் அருகில் நின்று அழுதார். தங்கைக்கு முதலில் கோபம்தான் வந்தது. 'ஒரு நாள் பார்த்ததுக்கே இப்படியா, நான் நூறு சனிக்கிழமை பார்த்தாச்சே' என்ற கோபம். அன்று இரவு இருவரும் நன்றாகச் சண்டை போட்டார்கள். அவர் அனுப்பும் பணத்தையும், அவர் அனுப்பும் அறிவுரையையும் தங்கை தனித்தனியாகப் பிரித்துச் சொன்னார்.

மறுநாள் அண்ணன் மறுபடி போனார். தினமும் போனார், பதினோரு நாள். கடைசி இரண்டு நாள் அம்மாவுக்குத் தயிர் சாதம் ஊட்டினார். கூட்டிப் போகும் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவில்லை. இப்போது வாரம் இரண்டு முறை வீடியோவில் கூப்பிடுகிறார். தங்கையிடம் முதலில் கேட்பது, "நீ தூங்கறியா?" என்பதுதான். மற்ற அறிவுரைகளை நிறுத்திவிட்டார். தூரத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதானோ என்னவோ.

அடையாளம்

ஸ்ரீரங்கத்தில் ஒரு கதை உண்டு. 1323-இல் படையெடுப்புக்குப் பயந்து உற்சவரை ஊரைவிட்டு எடுத்துப் போனார்கள். அவர் திரும்பி வந்தது 1371-இல். 48 வருடத்தில், பழைய பெருமாளைப் பார்த்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். இடையில் வேறொரு மூர்த்தியையும் வைத்துப் பூஜை செய்திருந்தார்கள். எது பழையது என்று சொல்ல ஆள் இல்லை. கண் தெரியாத ஒரு வயதான வண்ணார் மட்டும் இருந்தார். பெருமாளின் ஈரத் துணிகளைத் துவைத்தவர். திருமஞ்சனம் செய்த ஈர ஆடையின் தீர்த்தத்தை வாங்கிப் பருகிப் பார்த்து, இவர்தான் நம் பெருமாள் என்று சொன்னாராம். நம்பெருமாள் என்ற பெயரும் அப்படித்தான் நிலைத்தது என்பார்கள்.

இந்தக் கதையை அம்மாதான் மகளுக்குச் சின்ன வயதில் சொன்னது. இப்போது மகள் அதை அம்மாவுக்குச் சொல்கிறார். அம்மா ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டு, "அப்படியா!" என்கிறார். போன மாதம் ஒரு நாள் கதை முடிந்ததும் மகளின் கையை எடுத்துத் தடவிக்கொண்டே இருந்தார். "நீ யாருன்னு தெரியலை. ஆனா நீ என்னோட மனுஷிதான்" என்றார். மகளுக்கு அந்த வாரத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

ஏழு மணிக்குச் சாப்பாடு வரும். 'போயிட்டு வரேன்' என்று சொன்னால் அம்மா தானும் கிளம்புவார். அதனால் ஆயா ரசம் சாதத்தைப் பிசைந்து கொடுக்கும் நேரத்தில், சொல்லாமல் மகள் எழுந்து வந்துவிடுகிறார். மூன்று வருடத்தில் அது மட்டும் பழகவில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பாட்டி இருக்கலாம். சொன்னதையே திரும்பச் சொல்கிறார் என்று சிரிக்கும் முன், அவர் போட்ட கோலத்தை ஒரு தடவை பாருங்கள். இழைகள் சேர்ந்திருக்கின்றனவா? சேரவில்லை என்றால் யாரிடமாவது சொல்லுங்கள். அடுத்த மார்கழி வரை காத்திருக்க வேண்டாம்.